அப்பா ஓ, அம்மா ஓ, பிள்ளை ஏ

தென்மாவட்டத்தில் ஒரு ரத்த வங்கியில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள், வாங்க வருகிறவர்கள் போக மூன்றாவதாக ஒரு சாரார் எங்கள் ஜன்னலுக்கு வருவார்கள். கையில் இரண்டு மூன்று சீட்டு இருக்கும். பிள்ளையின் ஸ்கூல் அடையாள அட்டை, அப்பாவின் டிரைவிங் லைசென்ஸ், அம்மாவின் பிரசவ அட்டை. ஆள் நடமாட்டம் குறையும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "அப்பாவுக்கு இந்த குரூப்பு, அம்மாவுக்கு இந்த குரூப்பு. பிள்ளைக்கு இது வருமா?"

பெரும்பாலும் கணவர்கள். சில நேரம் மாமியார்கள். அபூர்வமாக, பதில் தனக்குச் சாதகமாக இருக்க வேண்டுமே என்று பயந்துகொண்டே கேட்கும் ஒரு பெண். கேள்வியின் அடியில் என்ன இருக்கிறது என்பது ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கும் தெரியும். அதனால் இதை ஒரு நிமிடப் பதிலில் முடிக்க எனக்கு மனசு வருவதில்லை. அந்த ஜன்னலில் சொல்ல நேரம் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன்.

நம் எல்லோருக்கும் ஏபிஓ மரபணு இரண்டு பிரதி உண்டு. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. 9-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அது ஏ, பி, ஓ என்ற மூன்று வடிவங்களில் ஏதாவது ஒன்றாக இருக்கும். ஏ, பி இரண்டும் தம்மை வெளியே காட்டிக்கொள்ளும், ஓ காட்டிக்கொள்ளாது. அதனால் அட்டையில் ஏ என்று எழுதியிருப்பவருக்குள் இரண்டு ஏ இருக்கலாம், அல்லது ஒரு ஏ-யும் ஒரு ஓ-வும் இருக்கலாம். நாங்கள் செய்யும் சாதாரண சோதனையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பி-க்கும் அப்படியே.

இங்கிருந்துதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. அப்பா ஏ, அம்மா பி, பிள்ளை ஓ. "ரெண்டு பேர்கிட்டயும் இல்லாதது எப்படி வந்துச்சு?" இரண்டு பேரிடமும் இருந்தது, வெளியே தெரியவில்லை. அவர் ஏ-யோடு ஒரு ஓ-வையும், அவள் பி-யோடு ஒரு ஓ-வையும் வைத்திருந்தால், பிள்ளைகளுக்கு ஏ, பி, ஏபி, ஓ நான்குமே வரலாம். ஒரே வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கு நான்கு குரூப் இருந்தாலும் தப்பில்லை. இன்னும் ஒரு ஜோடி இருக்கிறது: ஒருவர் ஏபி, மற்றவர் ஓ. இவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஏ-யாகவோ பி-யாகவோதான் இருப்பார்கள். அதாவது அப்பாவின் குரூப்பும் வராது, அம்மாவின் குரூப்பும் வராது. விதிப்படியே அப்படி. இந்த ஒரு ஜோடியை மட்டும் சொல்லிக் காட்டினாலே, "பிள்ளைக்கு அப்பா குரூப்புதானே வரணும்" என்று வந்தவர்களில் பலர் கொஞ்சம் நிதானத்துக்கு வந்துவிடுவார்கள்.

பாசிட்டிவ், நெகட்டிவ் கதை தனி. அது 1-ஆவது குரோமோசோமில் இருக்கும் டி மரபணுவின் வேலை. ஏபிஓ-வுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாசிட்டிவாக இருக்கும் அப்பா அம்மா இருவரும் ஒரு பிரதி மட்டுமே டி வைத்திருந்தால், நெகட்டிவ் பிள்ளை பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் பிள்ளை பிறந்தால், தாயின் உடல் பாசிட்டிவ் ரத்தத்தை எதிர்க்கப் பழகாமல் தடுக்க, 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கணவன் மனைவி ஒரே குரூப்பாக இருந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று கல்யாணப் பேச்சையே நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

ரத்தத்தில் வகைகள் இருப்பதைக் கார்ல் லேண்ட்ஸ்டைனர் வியன்னாவில் 1901-இல் வெளியிட்டார். அவை பரம்பரையாக வருபவை என்பதை 1910 வாக்கில் ஹைடல்பர்க்கில் எமில் வான் டுங்கர்னும் லுட்விக் ஹிர்ஸ்ஃபெல்டும் குடும்பம் குடும்பமாகச் சோதித்துக் காட்டினார்கள். ஏ-க்கு ஒரு மரபணு, பி-க்குத் தனியாக இன்னொரு மரபணு என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தக் கணக்குப்படி ஏபி தாய்க்கு ஓ பிள்ளை பிறக்கலாம். 1924-இல் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர், பல நாட்டு மக்களிடம் எடுக்கப்பட்ட ரத்த வகைக் கணக்குகளை வைத்து, ஒரே இடத்தில் மூன்று வடிவம் என்றால்தான் எண்கள் ஒத்துவருகின்றன என்று நிறுவினார். அவருக்குக் கிடைத்த கணக்குகளில், முதல் உலகப் போரின்போது கிரேக்க நாட்டின் சலோனிகா போர்முனையில் ஹிர்ஸ்ஃபெல்டும் அவர் மனைவி ஹன்னாவும் இந்தியச் சிப்பாய்களிடம் எடுத்ததும் உண்டு. நம் நாட்டில் பி குரூப் அதிகம் என்பது அப்போதே அவர்கள் கண்ணில் பட்டது.

பெர்ன்ஸ்டைனின் விதி வந்த பிறகு ரத்த வகை நீதிமன்றம் ஏறியது. "இவர் அப்பா இல்லை" என்று சில வழக்குகளில் சொல்ல முடிந்தது. "இவர்தான் அப்பா" என்று ஒரு வழக்கிலும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஊரில் எத்தனையோ பேருக்கு அதே குரூப் இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள சார்லி சாப்ளின் வழக்கைச் சொல்லலாம். 1940-களில் ஜோன் பாரி என்ற நடிகை தன் குழந்தைக்குச் சாப்ளின்தான் அப்பா என்று கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார். தாய் ஏ, குழந்தை பி, சாப்ளின் ஓ. குழந்தையின் பி தாயிடமிருந்து வரவில்லை, சாப்ளினிடமிருந்தும் வர முடியாது. மருத்துவர்கள் அவர் அப்பா இல்லை என்றார்கள். ஆனாலும் 1945-இல் ஜூரி அவர்தான் அப்பா என்று தீர்ப்பளித்தது. அந்தக் குழந்தைக்கு அவர் பராமரிப்புப் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

ஜூரி சோதனையை ஒதுக்கியது தவறு. ஆனால் என் ஜன்னலுக்கு வருகிறவர்கள் செய்வது அதற்கு நேர்மாறான தவறு. அங்கே சாப்ளினின் ரத்தத்தைத் தேர்ந்த மருத்துவர்கள் சோதித்தார்கள். இங்கே ஆதாரமாகக் கொண்டுவரப்படுவது ஒரு லைசென்ஸ் அட்டை.

அந்த அட்டையில் இருக்கும் எழுத்து எப்படி வந்தது என்று பாருங்கள். ஒரு வெள்ளை டைலில் மூன்று இடத்தில் ஒவ்வொரு சொட்டு ரத்தம் வைப்போம். அவற்றில், ஒவ்வொரு குரூப்பையும் திரிய வைக்கும் சோதனை மருந்துகளை விடுவோம்: ஒன்றில் நீல நிற ஆன்டி-ஏ, அடுத்ததில் மஞ்சள் நிற ஆன்டி-பி, மூன்றாவதில் நிறமில்லாத ஆன்டி-டி. குச்சியால் கலக்கி டைலை மெல்ல ஆட்டினால், எதில் ரத்தம் திரிகிறதோ அந்த குரூப். முதல் இரண்டிலும் திரியவில்லை என்றால் ஓ. மூன்றாவதில் திரிந்தால் பாசிட்டிவ். ரத்த வங்கியில் இதோடு நிறுத்த மாட்டோம். சோதனைக் குழாயில் மறுபடி போடுவோம். பிறகு ரத்தத்தின் தெளிந்த நீரை எடுத்து, ஏற்கெனவே குரூப் தெரிந்த ஏ செல், பி செல், ஓ செல் மூன்றோடும் கலந்து திருப்பிப் பார்ப்போம். தன்னிடம் இல்லாத குரூப்பின் செல்லைத் திரிய வைக்கும் ஆன்டிபாடி அந்த நீரில் இருக்கும். இதற்கு ரிவர்ஸ் குரூப்பிங் என்று பெயர். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால்தான் ரிப்போர்ட்டில் எழுதுவோம்.

முகாம்களில் முதல் பாதியோடு முடித்துவிடுவார்கள். ஆன்டி-ஏ பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டியது. காலையிலிருந்து மேசையில் வெயிலில் இருக்கும். இருநூறு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். டைலுக்கும் பெயருக்கும் இடையில் ஒரு வரி நகர்ந்தால் பத்துப் பேரின் குரூப் மாறிவிடும். சிலருக்கு ஏ மிகவும் பலவீனமாக இருக்கும். அதிலும் பல உள்வகைகள் உண்டு. அவசரத்தில் பார்த்தால் அது ஓ மாதிரியே தெரியும். பிறந்த குழந்தைக்குப் பார்த்த குரூப்பையும் முடிவானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வயதில் ரத்தச் செல்லின் மேல் அடையாளங்கள் முழுதாக வளர்ந்திருக்காது, ரிவர்ஸ் பார்க்கச் சொந்த ஆன்டிபாடியும் உருவாகியிருக்காது. சீட்டோடு வந்தவர்களை மறுபடி சோதித்தபோது, பெரும்பாலும் சீட்டுத்தான் தப்பாக இருந்திருக்கிறது. அதுவரை அந்த வீட்டில் நடந்த சண்டைகளை யார் திருப்பித் தருவார்கள்? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் சீட்டும் சரி, சோதனையும் சரி, மனைவியும் சரி, இருந்தும் கணக்கு இடிக்கும் ஒரு நிலை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது நம் நாட்டில். பம்பாயில் டாக்டர் ஒய். எம். பெண்டேயும் அவருடன் இருந்தவர்களும் சிலரின் ரத்தத்தில் இதைக் கவனித்தார்கள். டைலில் பார்த்தால் அந்த ரத்தம் ஓ. ஆனால் அவர்களின் ரத்தநீர் ஏ, பி செல்களோடு ஓ செல்களையும் திரிய வைத்தது. அதுவரை தெரிந்த எந்த வகையிலும் இது அடங்கவில்லை. லண்டனிலிருந்த ரத்த வகை ஆய்வாளர்கள் ரேஸ், சாங்கர் போன்றவர்களோடு சேர்ந்து 1952-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பாம்பே குரூப் என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாகச் சொல்வார்கள்; ஐரோப்பாவில் 10 லட்சத்தில் ஒருவர்.

காரணம் இதுதான். சிவப்பணுவின் மேல் ஹெச் என்றொரு பொருள் இருக்கும். ஏ மரபணு ஒரு நொதியைச் செய்யும். அந்த நொதி ஹெச்சின் மேல் ஒரு சர்க்கரையைக் கொண்டுபோய் ஒட்டும். பி மரபணுவின் நொதி வேறொரு சர்க்கரையை ஒட்டும். ஓ மரபணுவில் பெரும்பாலும் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருக்கும், அதனால் நொதி வேலை செய்யாது, ஹெச் வெறுமனே நிற்கும். ஓ குரூப் என்றால் இதுதான். இந்த ஹெச்சைச் செய்வது வேறொரு மரபணு, 19-ஆவது குரோமோசோமில் இருப்பது. அதன் இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால் ஹெச்சே உருவாகாது. சுவரில் கொக்கி இல்லாவிட்டால் சட்டை இருந்தும் மாட்ட இடமில்லை. அவருக்குள் ஏ மரபணுவோ பி மரபணுவோ ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாது, டைல் ஓ என்று சொல்லும். ஆனால் அவர் பிள்ளைக்கு அந்த ஏ-யை அப்படியே கொடுப்பார். இணையிடமிருந்து நல்ல ஹெச் மரபணு வந்தால், பிள்ளையின் ரத்தத்தில் ஏ தெளிவாகத் தெரியும். அப்பா ஓ, அம்மா ஓ, பிள்ளை ஏ. புத்தகப்படி நடக்கவே கூடாதது.

இதைப் பாடத்தில் படித்திருந்தேன். கையில் வந்தது ஒரு இரவு ட்யூட்டியில்.

பிரசவ வார்டிலிருந்து ஒரு குழாய் ரத்தமும் விண்ணப்பமும் வந்தன. இரண்டாவது பிரசவம், சிசேரியன் ஆகலாம், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே, ஓ பாசிட்டிவ் இரண்டு பை வேண்டும். டைலில் போட்டேன், ஓ பாசிட்டிவ். ஒரு பையை எடுத்து கிராஸ்மேட்ச் போட்டேன், அதாவது பையின் செல்லை அவள் ரத்தநீரோடு கலந்து பார்த்தேன். சேரவில்லை. குழாயை ஆட்டினால் அடியில் சிவப்பாக ஒரே கட்டி, கரையவே இல்லை. அடுத்த பையும் அதேபோல். ஃப்ரிட்ஜில் இருந்த ஓ பைகள் அத்தனையும் எடுத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் சேரவில்லை. ரிவர்ஸ் போட்டபோது ஓ செல் குழாயும் கட்டியது. ஆனால் அவளுடைய செல்லையும் அவளுடைய ரத்தநீரையும் சேர்த்தால் எதுவும் ஆகவில்லை. ஆன்டி-ஹெச் என்று ஒன்று வைத்திருப்போம், ஐரோப்பாவில் வளரும் கோர்ஸ் என்ற முள்செடியின் விதையிலிருந்து எடுப்பது. ஓ ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டால் உடனே திரியும். அவள் ரத்தத்தில் விட்டேன். பால் மாதிரி சீராகவே இருந்தது. மெடிக்கல் ஆபீசரை எழுப்பினேன்.

அவளுக்கு ஓ பையை ஏற்றியிருந்தால் உடலிலுள்ள ஆன்டி-ஹெச் அந்தச் செல்களை உடைத்துத் தள்ளியிருக்கும். அவளுக்குப் பாம்பே குரூப்தான் கொடுக்க முடியும். எங்கே தேடுவது? இங்கேயும் பரம்பரைக் கணக்குத்தான் கைகொடுக்கும். அவளுக்கு இரண்டு பழுதான பிரதி இருக்கிறது என்றால், அப்பாவிடம் ஒன்றும் அம்மாவிடம் ஒன்றும் கட்டாயம் உண்டு. அப்படியானால் உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் கேட்பதற்கு முன்னால் அண்ணன் தம்பிகளைக் கூப்பிட வேண்டும்.

வராண்டாவில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். "உங்க வீட்டுக்காரர் சொந்தமாம்மா?" என்று கேட்டேன். "எங்கம்மா கூடப் பொறந்த தம்பிதான். தாய்மாமன்" என்றார். எதிர்பார்த்த பதில்தான். ஒரு குடும்பத்தில் யாரோ ஒருவரிடம் இருக்கும் பழுதான பிரதி வெளியே கல்யாணம் செய்தால் பல தலைமுறை தெரியாமலே போகும். மாமனும் அக்கா மகளும் சேரும்போது அதே பிரதி இரண்டு பக்கமிருந்தும் வந்து சந்திக்கும் வாய்ப்பு அதிகம்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த அண்ணன் விடியும்முன் பஸ் பிடித்து வந்தார். அவரும் பாம்பே குரூப். இன்னொரு பை வேறு மாவட்டத்திலிருந்து, இந்தக் குரூப்புக்கென்றே பட்டியல் வைத்திருக்கும் தன்னார்வலர்கள் வழியாக வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆண் குழந்தை.

அதற்குப் பிறகு குடும்ப விவரம் எழுத எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்தோம். மருத்துவ அதிகாரி விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற மாமியார் கேட்டார்: "அப்போ மூத்தவளுக்கு ஏ-ன்னு சொன்னாங்களே, அது எங்கெருந்து வந்துச்சு?"

"உங்க மருமககிட்டருந்துதாம்மா" என்றேன்.

அப்போதுதான் தெரிந்தது. கணவர் ஓ, அவளும் அட்டையில் ஓ. மூத்த பெண்ணுக்கு நர்சரி பள்ளி முகாமில் ஏ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த முகாம் அட்டை சரியாகவே இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பெண் குழந்தை பாட்டி வீட்டில்தான் வளர்ந்துவந்தது. வீட்டில் யாரும் வெளிப்படையாக எதையும் கேட்கவில்லையாம், அவ்வளவுதான். பிரசவத்துக்கு வந்த அந்தத் தாயின் அப்பாவுடைய ரத்தம் ஏ. அவரிடம் நல்ல ஹெச் ஒன்று இருப்பதால் அது வெளியே தெரிகிறது. மகளுக்கு ஏ-யும் கொடுத்தார், பழுதான ஹெச்சையும் கொடுத்தார். அந்த ஏ ஒரு தலைமுறை மறைந்திருந்து பேத்தியிடம் வெளியே வந்தது. இதை ஒரு தாளில் கட்டம் போட்டு, தாத்தா, பாட்டி, அம்மா, அப்பா, பிள்ளை என்று கோடு இழுத்துக் காட்டினேன். கணவர் அந்தத் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதுவும் பேசவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அவள் கைக்குழந்தையோடு ஜன்னலுக்கு வந்தாள். "அக்கா, அந்தப் படத்த தமிழ்ல எழுதி, டாக்டர் கையெழுத்து போட்டுக் குடுங்க. சொன்னா மறந்துருவாங்க" என்றாள். எழுதினேன். 'இந்தத் தாயின் ரத்தத்தில் ஏ மரபணு உள்ளது. ஹெச் இல்லாததால் சோதனையில் தெரிவதில்லை. முதல் குழந்தையின் ஏ வகை தாய்வழி வந்தது.' டாக்டர் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். அதன் கீழே, 'இவருக்கு ஓ ரத்தம் ஏற்றக் கூடாது' என்று சிவப்பு மையில் சேர்த்தேன். அவளுக்கு முதல் வரி முக்கியமாக இருந்தது. எனக்கு இரண்டும்.

சந்தேகத்தோடு வருகிறவர்கள் கோர்ட்டுக்குப் போவோம் என்பார்கள். மனைவிக்கும் குழந்தைக்கும் ஜீவனாம்சம் கொடுக்க மறுத்து, ரத்தச் சோதனைக்கு உத்தரவிடக் கேட்ட ஒரு கணவரின் வழக்கில், கௌதம் குண்டு எதிர் மேற்கு வங்க மாநிலம், 1993-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கேட்டவுடன் ரத்தச் சோதனைக்கு உத்தரவிட முடியாது, குழந்தை மீதும் தாய் மீதும் விழக்கூடிய பழியை நீதிமன்றம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றது. ஒரு டைலின் முடிவை வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிற நாம் உச்ச நீதிமன்றம் யோசித்த அளவில் கால்வாசியாவது யோசிக்கலாம்.

குரூப் இடிக்கிறது என்று தோன்றினால் முதலில் சீட்டுகளை ஓரமாக வையுங்கள். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரே நாளில் ஒரு ரத்த வங்கிக்குப் போய் ரிவர்ஸ் குரூப்பிங்கோடு புதிதாகப் பாருங்கள். பிள்ளைக்கு ஒரு வயதாவது ஆகியிருக்கட்டும். ஓ என்று வருகிறவருக்கு ஆன்டி-ஹெச் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் விளங்கவில்லை என்றால் மும்பை கே.இ.எம். மருத்துவமனை வளாகத்திலுள்ள தேசிய ரத்த நோய் எதிர்ப்பியல் நிறுவனம் போன்ற உயர் ஆய்வகங்கள் இருக்கின்றன, அவை மரபணுவையே எடுத்துப் பார்த்துச் சொல்லும்.

அந்தக் குடும்பம் இப்போதும் தொடர்பில் இருக்கிறது. அண்ணன் தேவைப்படும்போது ரத்தம் கொடுக்க வருகிறார், வேறு மாவட்டத்துக்கும் போயிருக்கிறார். அவருக்கு ஒரு பையன். போன முறை அவர் அம்மா, "என் பேரனுக்கு அத்தை மக ரெடியா இருக்கா" என்று சந்தோஷமாகச் சொன்னார். மூத்த பேத்தி இப்போது அம்மா அப்பாவோடு இருக்கிறாள். பையனும் அவளும் சின்னப் பிள்ளைகள்தான். ஆனால் கணக்கு இப்போதே தெரியும். பையனுக்கு அப்பாவிடமிருந்து, பெண்ணுக்கு அம்மாவிடமிருந்து, பழுதான ஹெச் ஒரு பிரதி கட்டாயம் வந்திருக்கிறது. இருவரும் சேர்ந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு பாம்பே குரூப். அது நோயில்லை, ஆனால் ரத்தம் தேவைப்படும் நாளில் கிடைப்பது கஷ்டம். இதைப் பாட்டியிடம் சொன்னேன், பேத்திக்கு வேறு இடத்தில் பாருங்கள் என்றும் சொன்னேன். "அதெல்லாம் அப்பப் பாத்துக்கலாம்" என்றார். அண்ணன் மட்டும் என் கட்டம் போட்ட தாளில் தன் பையனுக்கும் ஒரு கோடு இழுத்து எழுதிக்கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்.